செட்டிநாட்டுப் பொட்டலில் செடி பார்க்கப் பழகுவது எப்படி

நான் 31 வருடம் தபால்காரராக இருந்தவன். கானாடுகாத்தானைச் சுற்றியுள்ள சிற்றூர்கள்தான் என் பீட், அதாவது நான் கடிதம் கொடுக்கச் சுற்றும் பகுதி. காலையில் பையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால் ஊருணி, கண்மாய்க்கரை, செம்மண் பொட்டல், ஐயனார் கோயில் காடு என்று போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் பல, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆட்கள் வந்தால்தான் திறக்கும். மற்ற நாட்களில் கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, முகப்புத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வெயிலாறுவது என் வழக்கம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் படிக்கல் இடுக்கில் முளைத்திருந்த செடி ஒன்று கண்ணில் பட்டது. தொட்டால் வெல்வெட்டு மாதிரி இருக்கும் அகன்ற இலை. கிளை நுனியெல்லாம் மொட்டு, ஒன்றுகூட விரியவில்லை. சாயங்காலம் அதே வாசலைக் கடக்கும்போது பார்த்தால் செடி முழுக்க மஞ்சள் பூ. மறுநாள் காலையில் மறுபடி மூடிக் கிடந்தது. துத்திதான். சின்ன வயதில் அதன் காயை மையில் தொட்டு நோட்டெல்லாம் முத்திரை குத்தி விளையாடியிருக்கிறேன். ஆனால் அது பொழுது சாய்ந்த பிறகுதான் பூ விரிக்கும் என்பது எனக்கு நாற்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. அதே வழியில் நெருஞ்சி இதற்கு நேர்மாறு. காலை வெயிலில் தரையெல்லாம் மஞ்சளாகக் கிடக்கும், நான் திரும்பும் நேரத்துக்குள் சுருங்கிவிடும். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள ஒருவன் ஒரே வழியில் இரண்டு வேளை போயிருக்க வேண்டும். நான் சொல்லப்போகிற முறை முழுவதும் இதிலிருந்து வந்ததுதான்.

முதலில் ஒரு வழி

செடிகளைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதல் காரியமாகப் பிரான்மலைக்கோ அழகர்மலைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். போய்வாருங்கள், அருமையான இடங்கள். ஆனால் ஒரே நாளில் ஐம்பது செடியைப் படம் பிடித்து வந்தால், அடுத்த வாரமே எது எந்த இடத்தில் நின்றது என்று குழம்பும். அதற்குப் பதிலாக உங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் நடந்து திரும்பக்கூடிய ஒரு வழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், ஒரு வருடம், அதே வழி. பார்த்த செடியையே மறுபடி மறுபடி பாருங்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது தரை மாறுகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் இது சுலபம். ஊருணிக் கரையில் ஈரம், நாலு எட்டு வைத்தால் சரளைச் செம்மண், அதைத் தாண்டினால் வண்டல் படிந்த கண்மாய், அப்புறம் கோயில் காட்டு நிழல். ஒரு மைலுக்குள் நாலு உலகம் இருக்கும். பழைய புலவர்கள் நிலத்தையும் பொழுதையும் முதலில் வைத்து, மரம் புள் எல்லாவற்றையும் அதற்குள் வைத்துத் திணை என்றார்கள். செடியைப் படிக்க அதைவிட நல்ல ஒழுங்கு எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: குடிதண்ணீர் ஊருணியில் காலை நனைக்காதீர்கள். எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள கட்டுப்பாட்டைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

தொடங்க நல்ல மாதம் ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் வெறும் பொட்டல் என்று நாம் நினைத்திருந்த தரை பச்சையாகிவிடும். அப்போது முளைப்பவை எல்லாம் இரண்டு இலை, நாலு இலைக் கன்றுகள், ஒன்றும் புரியாது. புரியாவிட்டாலும் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் அவை பூக்கும்போது "அட, அன்றைக்குப் பார்த்தது இதுதானா" என்று வரும். தை பிறக்கும்போது தும்பையும் சிறுபீளையும் முழுவீச்சில் இருக்கும். மாசி, பங்குனியில் விதை. சித்திரைக் கத்திரியில் சிறுசெடிகள் காய்ந்து போகும், அப்போது மரங்களைப் பாருங்கள். வேம்பு பூப்பதும் புங்கன் புதுத் தளிர் விடுவதும் அந்த வெயிலில்தான். மழைக்காலத்தில் மட்டும் செடி பார்ப்பவருக்கு நம் ஊரில் பாதிதான் தெரியும்.

நோட்டில் என்ன எழுதுவது

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு, பென்சில். பேனா மழையில் ஒழுகும். ஒவ்வொரு செடிக்கும் தேதி, இடம், தரை எப்படி, வெயிலா நிழலா, உயரம், பூவின் நிறம், அன்றைக்குப் பூவா காயா விதையா என்று எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள். என் பழைய நோட்டில் "மாங்குடிக் கலுங்கு ஊதாப்பூ", "கிழக்குவாசல் ஒட்டுமுள்" என்றெல்லாம் இருக்கிறது. ஒட்டுமுள் என்று நான் எழுதியது நாயுருவி என்று பிறகு தெரிந்தது. காய்ந்த கதிரைக் கடந்தால் வேட்டிக் கரையெல்லாம் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊர் வரை வரும். நானே பல வருடம் அதன் விதைக்குத் தபால்காரனாக இருந்திருக்கிறேன்.

நோட்டில் இன்னொரு கட்டம் போட எனக்குக் கற்றுக்கொடுத்தவர், பொட்டலில் ஆடு மேய்த்த ஒரு ஆத்தா. நான் குந்தி உட்கார்ந்து எழுதுவதைப் பல நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டார்.

"ஏந் தம்பி, பேரெல்லாம் எழுதுறியே, எதை ஆடு திங்கும், எதைத் திங்காதுன்னு எழுதுனியா?"

"இல்லை ஆத்தா."

"அப்ப என்னத்த எழுதுற? தின்னுப் பாத்ததுக்குத்தானே தெரியும்."

அன்றிலிருந்து என் நோட்டில் "யார் வருகிறார்கள்" என்று ஒரு கட்டம் உண்டு. ஆடு கடித்த தடம், மாடு ஒதுக்கியது, எறும்பு, வண்டு, புழு, குருவி எல்லாம் அதில் வரும். அந்த ஒரு கட்டம்தான் செடியைச் சுற்றியுள்ள உலகத்துக்குள் என்னைக் கொண்டுபோனது. எங்கள் கண்மாய்க்கரையில் ஆடுதின்னாப்பாளை உண்டு. பெயரே மேய்ச்சல்காரர்கள் வைத்ததுதான், ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் இலைக்கு அடியில் பார்த்தால் சிவப்பு முள் முள்ளாக, கறுத்த புழு ஒன்று நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கும். உடம்பு சிவந்து சிறகு கறுத்த அழகான வண்ணத்துப்பூச்சியின் புழு அது. செடியிலுள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவை அதைத் தொடுவதில்லை. எருக்கில் வளரும் வெந்தய வரியன் புழுவும் இதே வழிதான். ஆட்டை விரட்டும் செடிதான் ஒரு பூச்சிக்குத் தாய்வீடு.

கிட்டப் போய்ப் பார்ப்பது

ஒரு கைலென்ஸ் வாங்குங்கள், 10 மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். பலர் லென்ஸைச் செடிக்குப் பக்கத்தில் வைத்துத் தூரத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, செடியை மெல்ல அதன் முன் கொண்டுவர வேண்டும். தெளியும் இடம் வந்ததும் கையைக் கன்னத்தில் ஊன்றிக்கொண்டால் ஆடாது.

முதல் பாடத்துக்கு ஆவாரையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கும் நிற்கிறது, எல்லோருக்கும் தெரியும். பூவை விட்டுவிட்டு இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பச்சையாக, வட்டமாக, காதுமடல் போல இரண்டு இருக்கும். வருடக்கணக்காக ஆவாரம்பூ பறித்தவர்கள்கூட அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்குக் காஸியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார். ஆரிகுலேட்டா என்றால் காதுள்ளது என்று பொருள். பிற்பாடு காஸியா போய் சென்னா ஆரிகுலேட்டா ஆயிற்று, காது அப்படியே இருக்கிறது. இப்போது லென்ஸை இலைக்குக் கொண்டுபோங்கள். எதிரெதிராக இருக்கும் சிற்றிலை இணை ஒவ்வொன்றுக்கும் நடுவே நிமிர்ந்த சிறு முனை தெரியும். அது தேன் சுரப்பி. எறும்பு ஏன் பூவே இல்லாத ஆவாரையில் ஏறி இறங்குகிறது என்று நான் வெகுநாள் யோசித்தேன், விடை அங்கே இருந்தது.

லென்ஸ்கூட வேண்டாத பாடம் கொழிஞ்சி. வேர்க்கடலைச் செடி மாதிரி சிற்றிலைகள் வரிசையாக இருக்கும், ஊதாப் பூ பூக்கும், தரிசெல்லாம் கிடக்கும். ஒரு சிற்றிலையின் நுனியைப் பிடித்து மெல்ல இழுங்கள். குறுக்கே நேராகக் கிழியாது. நரம்பு போன சாய்விலேயே பிய்ந்து, காம்புப் பக்கத்தில் அம்பு பாய்ந்த பள்ளம்போல ஒரு வெட்டு விழும். ஒருமுறை பிய்த்துப் பார்த்தவர் பூ இல்லாத காலத்திலும் கொழிஞ்சியைத் தவறவிட மாட்டார். என் பேத்திக்கு நான் கற்றுக்கொடுத்த முதல் செடி இதுதான். அவள் வகுப்புத் தோழிகள் எல்லோருக்கும் பிய்த்துக் காட்டிவிட்டாள்.

கடினமான பாடம் கீழாநெல்லி. இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் சற்று நின்று சொல்கிறேன். கிளையின் அடியில் வரிசையாகத் தொங்கும் சின்னஞ்சிறு காய்களைப் பார்த்ததும் கீழாநெல்லி என்று முடிவு கட்டிவிடுகிறோம். பக்கத்திலேயே செங்கீழாநெல்லியும் முளைத்திருக்கும், அதற்கும் காய் அடியில்தான். லென்ஸில் காயைப் பாருங்கள். கீழாநெல்லிக் காய் வழவழவென்று, சின்னக் காம்பில் தொங்கும். செங்கீழாநெல்லிக் காய் காம்பே இல்லாததுபோலத் தண்டோடு ஒட்டி, மேலெல்லாம் சொரசொரவென்று இருக்கும். இரண்டையும் பிடுங்கி அடுத்தடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்த நாளிலிருந்து எனக்குக் குழப்பம் இல்லை. ஒத்த செடிகளை எப்போதும் இணையாகவே படியுங்கள். இலந்தையும் சூரையும் அப்படி ஒரு இணை: இலந்தையின் இலையைத் திருப்பினால் அடி வெளுத்துப் பஞ்சுபோல இருக்கும், சூரை பற்றிப் படர்ந்து ஏறும், பழம் சிறுத்துக் கறுத்து மினுங்கும்.

பெயரும் குடும்பமும்

ஊர்ப்பெயரை முதலில் கேட்டு எழுதுங்கள், யார் சொன்னார், எந்த ஊரில் என்பதோடு. ஒரே செடிக்குப் பல பெயர் இருக்கும். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அந்த வெள்ளைப் பூவை ஒரு தெருவில் சிறுபீளை என்பார்கள், இன்னொரு தெருவில் கண்ணுப்பிள்ளை, வேறு ஊரில் பூளைப்பூ, பொங்கப்பூ. ஒரே பெயரில் பல மரமும் இருக்கும். பாலை என்றால் போதாது: நம் கோயில் காடுகளில் பழம் பழுக்கும் உலக்கைப்பாலை வேறு, வெட்பாலை வேறு, ஏழிலைப்பாலை வேறு. இந்தக் குழப்பத்துக்குத்தான் அறிவியல் பெயர் கைகொடுக்கிறது. ஊர்ப்பெயர் செடியோடு மனிதர்களுக்குள்ள உறவைச் சொல்லும். அதனால் நோட்டில் இரண்டும் இருக்கட்டும்.

செடிகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாமல் குடும்பமாகப் பழகினால் பாரம் குறையும். துத்திப் பூவை உரித்துப் பாருங்கள். நடுவில் மகரந்தக் காம்புகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து குழாய்போல இருக்கும். வீட்டுச் செம்பருத்தியிலும் அதே குழாய்தான், நீளம் மட்டும் அதிகம். வயலில் பருத்திப் பூவிலும் பாருங்கள். மூன்றும் பங்காளிகள். தண்டு நாற்பட்டை, இலை எதிரெதிர், பூவுக்கு உதடு, கசக்கினால் வாசனை என்றால் துளசிக் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். தும்பையும் பேய்மிரட்டியும் அதில் வருகின்றன. தும்பைப் பூவின் மேலுதட்டுக்குள் மகரந்தம் ஒளிந்திருக்கும், தேனீ கீழுதட்டில் இறங்கி முகத்தை நுழைக்கும்போது அதன் முதுகில் பூசிவிடும். அரைமணி நேரம் ஒரு தும்பைப் புதர் முன்னால் உட்கார்ந்தால் பார்க்கலாம். அவரைப் பூவின் வடிவம் கண்ணில் பதிந்துவிட்டால் கொழிஞ்சி, அவுரி, காக்கணம், குன்றிமணி எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று தெரியும். பத்துக் குடும்பம் பழகினால் பொட்டலில் கிடக்கும் பெரும்பாலானவற்றுக்கு வீட்டு விலாசம் கிடைத்துவிடும், கதவு எண் மட்டும்தான் பாக்கி.

செல்போனில் செடி காட்டும் செயலிகள், ஐநேச்சுரலிஸ்ட் போன்றவை, நல்ல துணை. ஆனால் அவை இலையை மட்டும் பார்த்துச் சொல்லும் பெயரை முடிவாக எடுக்காதீர்கள். படம் எடுக்கும்போது முழுச் செடி அது நிற்கும் தரையோடு, இலையின் மேல்புறம், அடிப்புறம், இலை தண்டில் சேரும் இடம், பூ நேராக, பூ பக்கவாட்டில், காய் என்று எடுங்கள். அளவு தெரிய ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வையுங்கள், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். இவ்வளவு படம் இருந்தால் அறிந்தவர் யாரும் உங்களுக்கு உதவ முடியும். உலர்த்திய செடிகளோடு ஒப்பிட வேண்டுமென்றால் நமக்குப் பக்கம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம், 1967இல் தொடங்கியது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. முன்கூட்டி எழுதி அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள்.

பறிப்பதற்கு முன்

இதைச் சொல்ல எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. கோயில் காட்டு ஓரத்தில் ஒரு கார்த்திகை மாதம் தரையோடு ஒட்டிய இரண்டு இலை, நடுவே ஒரே தண்டு, அதில் பச்சையும் வெள்ளையுமாகச் சின்னப் பூக்கள் கொண்ட செடி ஒன்றைக் கண்டேன். முன்னே பின்னே பார்த்ததில்லை. படம் எடுக்க அப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. ஆசையில் கிழங்கோடு தோண்டி எடுத்து வந்து, தாளுக்குள் வைத்துப் பெட்டிக்கு அடியில் அழுத்தினேன். அந்த வாரம் அடைமழை. தாள் மாற்ற மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது பூஞ்சை பிடித்துக் கறுத்து ஒட்டிப் போயிருந்தது. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதே இடத்தில் தேடினேன். அங்கே அந்த ஒரு செடிதான் இருந்திருக்கிறது. அதன் பெயர் எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

அதிலிருந்து என் வழக்கம் இது: ஒரே இடத்தில் இருபது செடியாவது நின்றால்தான் ஒரு கிளை எடுப்பேன். வேரையும் கிழங்கையும் தோண்டுவதில்லை. ஒன்றிரண்டு மட்டும் நின்றால் படமும் பென்சில் கோடும் போதும். கோயில் காட்டில் கிள்ளுவதே இல்லை. "ஐயனார் காட்டுல சுள்ளிகூட எடுக்கக்கூடாது" என்ற கட்டுப்பாடு இருந்ததால்தான் புரவிகளுக்குப் பின்னால் வீரையும் உலக்கைப்பாலையும் காசாவும் இன்றைக்கும் நிற்கின்றன. கிழக்குக் கடற்கரையை ஒட்டிய சமவெளியில் ஒரு காலத்தில் பரவியிருந்த உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் பெரும்பாலும் இப்படிக் கோயில் காடுகளில்தான் இருக்கிறது. சின்ன, தடித்த, தோல்போன்ற இலை, கோடையிலும் உதிராது. காசாவைத்தான் பழைய தமிழில் காயா என்றார்கள். கோடையில் அது கொம்பெல்லாம் நீலமாகப் பூத்து நிற்கும் சில நாட்களில் போய்ப் பாருங்கள். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்வதன் நிறம் அப்போது தெரியும்.

அரசு காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் வனத்துறை அனுமதியில்லாமல் எதையும் பறிக்கக் கூடாது. திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் கலையக்கூடாது என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அந்த ஊர்க் கண்மாய்க்கரையில் நின்று பார்ப்பதற்குக் கண்ணும் நோட்டும் போதும்.

உலர்த்தும் முறை சுருக்கமாக: பூவும் காயும் இலையும் சேர்ந்த கிளையைச் செய்தித்தாளில் விரித்து, ஓர் இலையையாவது அடிப்புறம் மேலே தெரியத் திருப்பி வையுங்கள். வழவழப்பான இதழ்த்தாள் ஈரம் உறிஞ்சாது. நடுநடுவே அட்டை வைத்துக் கனமான பொருளால் அழுத்தி, முதல் வாரம் தினமும் தாள் மாற்றுங்கள். மழைக்காலத்தில் கண்டிப்பாக. காய்ந்ததும் 42க்கு 28 சென்டிமீட்டர் அளவுள்ள தடித்த தாளில் ஒட்டி, மூலையில் இடம், தேதி, தரை, உயரம், பூவின் நிறம் எழுதுங்கள். பூவின் நிறம் போய்விடும், எழுத்துதான் நிற்கும்.

வாயில் எதையும் வைத்துப் பார்க்காதீர்கள். "மூலிகைதானே" என்று சொல்லிக்கொண்டே மென்று பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். குன்றிமணியின் பருப்பும் செங்காந்தள் கிழங்கும் உயிரைக் கொல்லும், அரளியும் ஊமத்தையும் அப்படியே. ஆடுதின்னாப்பாளையிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு, கிள்ளிய கையால் கண்ணைத் துடைக்கக் கூடாது. காலுக்கு மூடிய செருப்பு, கையில் ஒரு கம்பு. சருகுக்குள் சுருட்டைவிரியன் இருந்தால் கம்புச் சத்தம் முன்னால் போகட்டும்.

தண்ணீர் வற்றும்போது கூடவே போவது

எனக்குப் பிடித்த பாடத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தை மாதம் கண்மாய் வற்றத் தொடங்கும்போது, தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றுங்கள். அடுத்த வாரம் அதே நாளில் தண்ணீர் எவ்வளவு பின்வாங்கியிருக்கிறதோ அங்கே இன்னொரு குச்சி. இப்படிப் பங்குனி வரை ஊன்றிக்கொண்டே போனால் கரையிலிருந்து நடுக்கண்மாய் வரை வரிசையாகக் குச்சிகள் நிற்கும். ஒவ்வொரு குச்சியும் ஒரு தேதி. இரண்டு குச்சிக்கு நடுவே உள்ள தரை எத்தனை வாரமாகத் தண்ணீரைவிட்டு வெளியே இருக்கிறது என்று உங்களுக்குத் துல்லியமாகத் தெரியும்.

இப்போது நடந்து பாருங்கள். தண்ணீரில் அல்லி. விளிம்புச் சேற்றில் கோரை, வல்லாரை. சற்று மேலே பொடுதலை தரையோடு படர்ந்து, சின்ன வெள்ளைப் பூக்கொண்டையோடு. அதற்கு மேலே நீர்முள்ளி, கணுவுக்கு ஆறு முள், நீலப் பூ. எண்ணிப் பாருங்கள், ஆறுதான் வரும். வெடித்துக் காய்ந்த தரையில் செருப்படை, யாரோ செருப்பால் மிதித்ததுபோலச் சப்பட்டையாக, சுருங்கிய இலையோடு. ஒரு வாரம் முன்னால் சேறாக இருந்த இடத்தில் இருந்தவை இந்த வாரம் மறைந்து, அடுத்தவை வந்திருக்கும். செடிகள் தண்ணீரைப் பின்தொடர்ந்து இறங்கிப் போவதைக் குச்சிகள் காட்டிக்கொடுக்கும். எந்த வகுப்பறையிலும் எனக்கு இது இவ்வளவு தெளிவாகக் கிடைத்ததில்லை.

இதோடு சேர்த்துச் செய்யக்கூடியது, நாலு குச்சியும் கயிறும் கொண்டு ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டம் கட்டி, உள்ளே எத்தனை வகை என்று எண்ணுவது. திறந்த பொட்டலில் ஒன்று, வேலிக்கருவை நிழலில் ஒன்று, கோயில் காட்டு ஓரத்தில் ஒன்று. மார்கழியிலும் பங்குனியிலும் ஆடியிலும் அதே இடத்தில் மறுபடி எண்ணுங்கள். வேலிக்கருவை அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட மரம். அதன் நெற்றை ஆடு ஆசையாகத் தின்னும், விதை புழுக்கையோடு விழுந்து முளைக்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களும் நம் பக்கம் உண்டு. அதனால் திட்டுவதற்கு முன்னால் எண்ணுங்கள். நிழலுக்குள் உள்ள கட்டத்தையும் வெளியில் உள்ள கட்டத்தையும் மூன்று பருவம் எண்ணியவர் பேசும்போது அந்தப் பேச்சுக்கு எடை இருக்கும்.

ஆள் இல்லாத வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். வெளியிலிருந்தே பார்க்கலாம். ஓட்டு வரிசையிலும் சுண்ணாம்புக் காரையின் விரிசலிலும் அரசும் ஆலும் முளைத்திருக்கும். பழம் தின்ற பறவை எச்சத்தில் போட்டுவிட்டுப் போன விதை. பழைய கிணற்றின் உள்சுவரில், வெயில் படாத கல்லிடுக்கில் பெரணி தொங்கும். சுற்றிலும் காய்ந்து கிடக்கும்போது அங்கே மட்டும் ஈரம் இருக்கிறது என்று அது சொல்கிறது.

நான் துத்தியைப் பார்த்த அந்த வீட்டு வாசலுக்கு ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருமுறை போகிறேன். ஒரு படைப்புக்கு வந்தவர்கள் படியைச் சுத்தம் செய்து துத்தியைப் பிடுங்கிவிட்டார்கள். அடுத்த மழையில் அதே இடுக்கில் மூன்று கன்று. போன வாரம் நோட்டில் எழுதியது: "ஐப்பசி 12, காலை 7 மணி. துத்தி, நாலு இலை. படிக்கல்லின் இடப்புறம். இலையில் ஓட்டை, புழு தெரியவில்லை. சாயங்காலம் மறுபடி பார்க்க வேண்டும்."